தலைவரைப் பொறுப்பிலிருந்து இறக்கும் முன் அவர் கையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

கட்டற்ற மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடியது) திட்டம் ஒன்றின் தலைவரைப் பொறுப்பிலிருந்து இறக்கும் வேலையில் நானும் இருந்தேன். பெரிய திட்டம் இல்லை. ராமநாதபுரம் கடற்கரையில் வல்லத்திலும் நாட்டுப்படகிலும் தொழிலுக்குப் போகிறவர்களுக்குக் காற்று, அலை, புயல் எச்சரிக்கை மூன்றையும் தமிழில் காட்டுகிற, வாசித்தும் சொல்கிற ஒரு சின்ன ஆப். உச்சிப்புளியில் இ-சேவை மையம் நடத்திக்கொண்டே அதன் பராமரிப்பிலும் ஒருவனாக இருக்கிறேன். இதே மாதிரி சிக்கலில் மாட்டிக்கொண்ட வேறு சில குழுக்கள் எங்களிடம் "நீங்க எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபின் எங்கள் பகுதி அண்ணன் ஒருவர், நாங்கள் பின்னால் இறக்கிய தலைவர், தனியாளாக எழுதத் தொடங்கிய ஆப் இது. சென்னையில் மென்பொருள் வேலையில் இருந்தவர். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பையும் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் எடுத்து, வல்லத்துக்காரருக்குப் புரியும் தமிழில் போட்டார். ஆப்பின் கோடு (நிரல்) முழுவதையும் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் திறந்துவிட்டார். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து எங்கள் கடற்கரையை ஒட்டியே நின்றபோது, செர்வர் விழாமல் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான். அதை யாரும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

ஆனால் கூட வேலை செய்ய வருகிறவர்களிடம் அவர் பேசும் பேச்சு வேறு. தப்பைச் சுட்டிக்காட்டினால் தப்பைப் பற்றிப் பேச மாட்டார், சொன்னவரைப் பற்றிப் பேசுவார். இரண்டு பேர் பார்த்து ஒத்துக்கொண்ட மாற்றத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பிவிடுவார். புதிதாக வருகிற பிள்ளைகள் ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டால் அப்புறம் இந்தப் பக்கமே வருவதில்லை.

எது வெடிக்க வைத்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மண்டபத்தில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவில் ஒடுங்கிய நிலம்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் அப்படியே மாறிவிடும். ஆப் என்ன செய்தது என்றால், மண்டபம் என்று தேர்ந்தெடுத்த எல்லோருக்கும் வடகடலில் உள்ள ஒரே ஒரு புள்ளியின் காற்றைக் காட்டியது. மண்டபத்துப் பெண் ஒருத்தி, கல்லூரியில் கணினி படிக்கிறவள், அவள் அப்பா தென்கடலில் தொழில் செய்கிறவர். ஆப்பில் பார்த்த காற்றும் கடலில் அடித்த காற்றும் ஒத்துவரவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல இவள் குறித்து வைத்திருக்கிறாள். அப்புறம் கோடுக்குள் போய்க் காரணத்தைக் கண்டுபிடித்தாள். கூடவே இன்னொன்றும் அகப்பட்டது. ஒரு பக்கத்தில் காற்றின் வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வந்தது, பக்கத்தில் எழுதியிருந்ததோ கிலோமீட்டர். 20 நாட் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். 25 நாட் என்றால் 46. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், கடலுக்குப் போகாதீர்கள் என்று எச்சரிக்கை வரும் அளவு அது. திரையில் 25 என்று மட்டும் பார்க்கிறவர் வல்லத்தைத் தள்ளிவிடுவார்.

மண்டபம் இறங்குதளத்தை (படகுகள் கரை சேரும் இடம்) வடக்கு, தெற்கு என்று பிரித்து, அளவையும் சரிசெய்து அனுப்பினாள். அண்ணன் அதை ஏற்காமல் மூடிவிட்டு எழுதிய பதில் இது: "கடலைப் பத்தி எனக்கே சொல்லித்தர வந்துட்டியா? முதல்ல ஒழுங்கா கோடு எழுதப் படிச்சுட்டு வா."

அவள் பதில் எழுதவில்லை. ஆனால் அதைப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் "அவரு போகணும், இல்லாட்டி நாங்க போறோம்." இன்னொரு பக்கம் "அவரு இல்லாட்டி இந்த ஆப்பே கிடையாது, நன்றி கெட்டவங்களா நீங்க?" இதற்குள் ஊர்ப் பெயர் வந்தது, சாதி வந்தது, மதம் வந்தது. எங்கள் மாவட்டத்தில் எந்தச் சண்டையும் அந்தப் பக்கம் திரும்ப அதிக நேரம் ஆகாது. தேர்தல் சமயத்தில் அவர் யாருக்கு ஆதரவாக எழுதினார் என்பதையெல்லாம் சிலர் தோண்டிக்கொண்டு வந்தார்கள்.

அப்போது எங்களைக் காப்பாற்றியவர் கீழக்கரை காக்கா (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) ஒருவர். வளைகுடா நாட்டில் கணக்கு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஒரு வரி கோடு எழுதியதில்லை, எச்சரிக்கைகளைக் குரலில் பதிந்து தருகிறவர். ராமநாதபுரத்தில் கூடியபோது இரண்டு பக்கமும் கத்தி ஓயும் வரை பொறுத்திருந்துவிட்டு, "ஆளைப் பத்தி அப்புறம் பேசுவோம் தம்பி. அவரு கையில என்னென்ன இருக்குன்னு முதல்ல ஒரு தாள்ல எழுதுங்க" என்றார்.

எழுதினோம். ரெப்போவின், அதாவது கோடு முழுவதையும் வைத்திருக்கும் இணைய இடத்தின், முழு நிர்வாக உரிமை. எந்த மாற்றத்தை மெர்ஜ் செய்வது, அதாவது கோடில் சேர்ப்பது, என்ற முடிவு. பிளே ஸ்டோர் கணக்கு. ஆப்பைக் கையொப்பமிடும் சாவி. டொமைன் (இணைய முகவரி). செர்வரின் கடவுச்சொல். நன்கொடை வந்து சேரும் வங்கிக் கணக்கு, அது அவர் சொந்தக் கணக்கு. மீனவர் சங்கங்களிடமும் அதிகாரிகளிடமும் திட்டத்தின் சார்பாகப் பேசும் இடம். கடைசியாக, முதலில் எழுதியவர் என்ற பெயர். இத்தனையையும் நாங்கள் "தலைவர்" என்ற ஒரே சொல்லில் கட்டி வைத்திருந்தோம். அதனால்தான் அவர் இருக்கட்டும் என்றவர்களும் போகட்டும் என்றவர்களும் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மனதில் இருந்தது மெர்ஜ் உரிமை. இன்னொருவர் மனதில் இருந்தது அவர் பெயர்.

கையொப்பச் சாவியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டில் ஒரு ஆப்பின் புதிய பதிப்பு, பழைய பதிப்பில் இருந்த அதே சாவியால் கையொப்பமிடப்பட்டிருந்தால்தான் போனில் மேம்படுத்த முடியும். எங்கள் ஆப் பழையது என்பதால் அந்தச் சாவி கூகுளிடம் இல்லை, அண்ணனின் மடிக்கணினியில் மட்டும் இருந்தது. கோபத்தில் அவர் அதை அழித்தாலோ, கோபமே இல்லாமல் மடிக்கணினி கெட்டுப்போனாலோ, பாம்பன் முதல் தொண்டி வரை ஒவ்வொருவர் போனிலும் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். கோடு திறந்திருக்கிறது, ஃபோர்க் செய்துகொள்ளலாம் என்று சொல்வது சுலபம். கோடைப் பிரித்துக்கொண்டு போகலாம், போனில் ஏற்கெனவே ஆப்பை வைத்திருக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. கடல் விஷயத்தில் பழைய பதிப்பு ஒன்று யார் போனிலாவது தப்பான காற்றைக் காட்டிக்கொண்டே கிடக்கும்.

இந்த இடைவெளியில் மற்ற திட்டங்களில் என்ன நடந்தது என்று தேடிப் படித்தோம். பலரும் முதலில் சொன்னது ரிச்சர்ட் ஸ்டால்மனைத்தான். 2019 செப்டம்பரில், எம்ஐடியில் அவர் எழுதிய மின்னஞ்சல்களால் எழுந்த எதிர்ப்பில், தான் 1985இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தலைவர் பதவியிலிருந்தும் அதன் இயக்குநர் குழுவிலிருந்தும் விலகினார். 2021 மார்ச்சில் குழுவுக்குத் திரும்பிவிட்டதாக அவரே ஒரு மாநாட்டில் அறிவித்தார். அவரையும் குழுவையும் நீக்கச் சொன்ன திறந்த மடலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். ஆதரவு மடலில் ஆறாயிரத்துக்கும் மேல். ரெட்ஹாட் நிறுவனம் அறக்கட்டளைக்குத் தந்துவந்த நிதியை நிறுத்தியது. ஆனால் இந்தக் காலம் முழுவதும் க்னூ என்ற மென்பொருள் திட்டத்தின் தலைவராக அவரே நீடித்தார். எந்தப் பொறுப்பிலிருந்து விலகினார், எதில் இருந்தார், எந்த விதிப்படி திரும்பினார் என்பதெல்லாம் வெளியே இருப்பவருக்குத் தெளிவாக இல்லாததுதான் அந்தச் சண்டையை இவ்வளவு நீட்டியது என்பது என் எண்ணம். எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்பது எதையும் தீர்க்கவில்லை.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் வேறு மாதிரி. அங்கே திட்டத் தலைவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். பொதுத் தீர்மானம் போட்டு நடுவில் திரும்ப அழைக்கவும் அவர்கள் சாசனத்திலேயே வழி இருக்கிறது. 2006இல் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்தது, தலைவர் பதவியில் நீடித்தார். எனக்கு அதில் பிடித்தது முடிவு இல்லை. கேட்க ஒரு இடம் இருந்தது, கேட்டார்கள், எண்ணினார்கள், மறுநாள் வேலைக்குப் போனார்கள்.

பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய குய்டோ வான் ராஸம் 2018 ஜூலையில், அந்த மொழியில் ஒரு மாற்றத்தை முன்மொழிந்த பெப் 572 மீதான சண்டையில் களைத்துப்போய்த் தானாகவே விலகினார். வாரிசு என்று யாரையும் கைகாட்டவில்லை. டெவலப்பர்கள் வாக்கெடுத்து ஐந்து பேர் கொண்ட குழு முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த விதிகளில் இரண்டை எடுத்துக்கொண்டோம். ஒன்று, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் குழுவில் ஒருவரையோ முழுக் குழுவையோ நீக்கலாம். இன்னொன்று, ஐந்து பேரில் ஒரே நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நிறுவனம் என்று இருந்த இடத்தில் நாங்கள் ஊர் என்று போட்டுக்கொண்டோம். எங்கள் பொறுப்பாளர் குழுவில் மூன்று பேர், ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் வர முடியாது. இந்த ஒரு விதி எத்தனை பேச்சை மிச்சப்படுத்தியது என்று சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரியும்.

1994 டிசம்பரில் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழு தியோ டி ராட் என்பவரை விலகச் சொல்லி, மூலக்கோட்டை மாற்றும் உரிமையையும் எடுத்துவிட்டது. பேசும் முறைதான் அங்கேயும் பிரச்சினை. அடுத்த ஆண்டே அவர் ஓபன்பிஎஸ்டி என்ற தனி இயங்குதளத்தைத் தொடங்கினார். இன்று உலகத்தில் பெரும்பாலான செர்வர்களுக்குள் நுழையப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எச் அங்கிருந்துதான் வந்தது. இதை அண்ணனின் ஆதரவாளர் ஒருவர் "பாத்தீங்களா, திறமைக்காரரை விரட்டுனா இதான்" என்று காட்டினார். நான் வேறு மாதிரி படிக்கிறேன். அவர் அங்கேயே இருந்திருந்தால் இரண்டு பக்கமும் நாசமாகியிருக்கலாம். இறக்குவது என்பது ஒரு ஆளின் வேலையை முடித்துவைப்பது ஆகாது. இன்னொன்றும் இருக்கிறது. திறமைக்காரரை இழந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே ஒரு பதிலைப் படித்துவிட்டு அமைதியாகப் போய்விட்ட பிள்ளைகளை யார் கணக்கில் வைக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் திறமைக்காரர்கள் என்று தெரியவே போவதில்லை.

சரி, நாங்கள் செய்த வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் சாவி. காக்காவும் நானும் அண்ணனிடம் நேரே பேசினோம். எதையும் மறைக்கவில்லை. "உங்க பொறுப்பைப் பத்திக் கூட்டத்துல பேசப் போறோம், உங்களையும் கூப்பிடுவோம். அது எப்படி முடிஞ்சாலும் சரி, கையொப்பச் சாவி ஒரே மடிக்கணினியில இருக்கக் கூடாதுண்ணே. உங்களுக்கு நாளைக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கடலுக்குப் போறவன் போன்ல இருக்கறது நின்னுடக் கூடாது" என்று சொல்லிச் சாவியின் நகலைக் கொடுத்தார். குறியாக்கம் செய்து, கோப்பு ஒருவரிடம், கடவுச்சொல் இன்னொருவரிடம் என்று வைத்தோம். கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு இரண்டு பேரிடம் சாவி கொடுப்பது போலத்தான். டொமைனும் செர்வரும் அடுத்து. பணத்தை இரண்டு பேர் பெயரில் தொடங்கிய கணக்குக்கு மாற்றினோம். ஒரு ரூபாய் குறையவில்லை. அதை எல்லோர் முன்னாலும் சொன்னோம், சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

அடுத்து, யாருக்கு வாக்கு? இதற்கு எங்களிடம் பதிலே இருந்ததில்லை. கடைசி ஓராண்டில் கோடு, மொழிபெயர்ப்பு, குரல் பதிவு, கரையிலும் கடலிலும் சோதித்துச் சொல்வது என ஏதாவது ஒரு வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் ஒரு வாக்கு என்று முடிவு செய்தோம். கோடு எழுதுகிறவர்களுக்கு மட்டும் என்று சிலர் பிடிவாதம் பிடித்தார்கள். தென்கடலில் காற்று வேறு என்று முதலில் கண்டுபிடித்தவர் கோடு எழுதாத ஒரு வல்லத்துக்காரர்தான் என்று சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது.

குற்றச்சாட்டுகளை எழுத்தில் மட்டுமே எடுத்தோம். என்ன நடந்தது, எப்போது, எங்கே எழுதப்பட்டது, அவ்வளவுதான். "ஆணவம் பிடித்தவர்" மாதிரியான வார்த்தைகளை வெட்டிவிட்டோம். திட்டத்துக்கு வெளியே அவர் எழுதியதை, அரசியலோ வேறெதுவோ, எடுத்துக்கொள்ளவில்லை. திட்டத்துக்குள் கூட வேலை செய்கிறவர்களிடம் நடந்துகொண்டது மட்டும் கணக்கு. எழுதியதைக் கூட்டத்துக்கு முன்பே அவரிடம் கொடுத்து, படித்துப் பதில் தயாரிக்க நேரம் கொடுத்தோம். யாருக்கு வலித்ததோ அவரை அதே அறையில் உட்கார வைத்துச் சாட்சி கேட்பதில்லை என்றும் வைத்துக்கொண்டோம். அந்தப் பெண்ணிடம் தனியாக, "உனக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டபோது அவள் சொன்னதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். "அவரு மன்னிப்புக் கேக்க வேணாம்ணே. தென்கடலுக்குத் தனியாக் காத்தைக் காட்டணும். அது போதும்." அதனால் கூட்டம் வரைகூடக் காத்திருக்கவில்லை. அவள் மாற்றத்தை வேறு இருவர் சோதித்து, மெர்ஜ் செய்து வெளியிட்டோம். அதற்கும் தலைவர் யார் என்பதற்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது.

கூட்டத்தை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்களைப் பிடிக்கலாம். புயல் காலத்தில் மட்டும் இந்த மாதிரி வேலையைத் தொடாதீர்கள். அண்ணன் சேது எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார். அவர் பேசியதில் நியாயமும் இருந்தது. புரெவி இரவில் தன்னோடு யார் விழித்திருந்தார்கள் என்று கேட்டார். சோதிக்காமல் அனுப்பப்பட்ட மாற்றங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார், அவை உண்மையிலேயே மோசமானவைதான். அவற்றையும் குறித்துக்கொண்டோம். இப்போது சோதனை இல்லாத எந்த மாற்றமும் உள்ளே வராது என்ற விதி அவர் வாதத்திலிருந்து வந்தது. அந்தப் பெண்ணுக்கு எழுதிய பதிலைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "என் ஆப்பு, நான் பேசுவேன்" என்றார். கடைசி வரை அவருக்காகப் பேசிக்கொண்டிருந்த சிலர் மாறியது அங்கேதான்.

வாக்கெடுப்பையும் ஒரே கேள்வியாக வைக்கவில்லை. தாளில் எழுதிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்டோம். தலைமைப் பொறுப்பும் மெர்ஜ் உரிமையும் மூன்றில் இரண்டுக்கு மேல் வாக்கில் போயின. திட்டத்தின் சார்பாகப் பேசும் உரிமையும் போயிற்று. மற்ற எல்லோரையும் போல மாற்றம் அனுப்பும் உரிமை இருக்கட்டும் என்று கிட்டத்தட்ட எல்லோரும் சொன்னார்கள். நிறுவியவர் என்று அவர் பெயர் முதல் பக்கத்தில் இருப்பதை யாரும் எதிர்க்கவில்லை. கோடு கோப்புகளில் உள்ள பதிப்புரிமை வரியில் அவர் பெயரை எடுக்க ஜிபிஎல் உரிமமே விடாது. எடுக்கலாம் என்றிருந்தாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

அறிவிப்பைச் சின்னதாக எழுதினோம். யார் பொறுப்பிலிருந்து விலகுகிறார், யார் வருகிறார்கள், கோளாறு என்றால் யாரைக் கூப்பிட வேண்டும். காரணம் ஒரே வரி: உடன் பங்களிப்பவர்களிடம் நடந்துகொண்ட முறை குறித்த முறையீடுகளின் பேரில் வாக்கெடுப்பு நடந்தது. இறங்குதளங்களில் "அந்தத் தம்பி என்ன ஆனாரு?" என்று கேட்டவர்களுக்கும் இதைத்தான் சொன்னோம், கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அண்ணனோடு சேர்ந்து நல்ல உழைப்பாளிகள் சிலர் போய்விட்டார்கள். இந்தப் பக்கமும், அவர் பெயரையே விட்டுவைத்தீர்களே என்று ஒருவர் கோபித்துக்கொண்டு விலகினார். செர்வர் வேலை தெரிந்த ஆள் இல்லாமல் முதல் வடகிழக்குப் பருவமழையில் திணறினோம். அப்போது அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் கேட்டதற்கெல்லாம் சரியான பதில் சொன்னார். புதிதாகக் கோடு எதுவும் அவர் அனுப்பவில்லை. அனுப்பினால் மற்றவர்களுடையதைப் போலவே பார்ப்போம்.

பொறுப்பாளர்களுக்கு இப்போது ஓராண்டுதான் காலம். தேர்தல் ஒவ்வொரு தடைக்காலத்திலும். அதே நாளில் எல்லாச் சாவியும் கடவுச்சொல்லும் வேலை செய்கிறதா என்று இரண்டு பேர் உட்கார்ந்து சோதிக்கிறோம், போனவர்களின் உரிமையை அங்கேயே எடுத்துவிடுகிறோம். மூவரில் ஒருவர் கடல்தொழில் செய்யும் வீட்டிலிருந்து வர வேண்டும் என்ற விதியும் சேர்ந்திருக்கிறது. விதிகள் மொத்தம் இரண்டு பக்கம், ரெப்போவிலேயே தமிழில் இருக்கின்றன, யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம். ஊர் பற்றிய விதியை மட்டும் உங்கள் பகுதிக்கு ஏற்றபடி எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் இப்போது எல்லோரும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இந்த வாரமே உட்கார்ந்து எழுதுங்கள்.